கழுத்துப் படம்

அன்று காலை ஜெகபர் சாதிக் தன் பெண்டாட்டியின் கையைப் பிடித்துக் குதிரை வண்டியில் ஏற்றிவிட்டான். கமர் நிஷாவுக்கு அதுவே பயமாக இருந்தது. அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். சொன்னவர்கள் இவனோடு ஒரு நாள் குடித்தனம் பண்ணிப் பார்க்கட்டும். போன வெள்ளிக்கிழமை, மீன் ஆணத்தில் உப்பு கூடிப்போனதென்று தலைமயிரைப் பிடித்துத் தூணில் மோதியவன். அன்றிலிருந்து அவளால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் ஊரைவிட்டுப் போன மறுவருஷம் அது. டாக்டர் அம்பலவாணன் புதிதாக எக்ஸ்ரே மெஷின் வாங்கியிருந்தார். அந்நிய ஆண் முன் வராத கோஷா வீட்டுப் பெண்களிடம் அவர் நேராகப் பேசமாட்டார். அவர்களுக்குச் செய்யும் மரியாதை அது. அவளைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்துவிட்டு, படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துச் சாதிக்குக்கு விளக்கினார்.

"கழுத்துல ஏழு எலும்பு இருக்குங்க. ரெண்டாவதுல விரிசல் விட்டிருக்கு. அதுக்கு உள்ளாரதான் மூச்சுக்கான நரம்பு ஓடுது. எப்படி அடிபட்டுது?"

"மாடிப்படியில விழுந்துட்டா."

திரைக்குப் பின்னால் அவள் முக்காட்டு நுனியை வாயில் கடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவ வழுக்கினா போதும், உயிர் போயிடும். வெளியில ஒரு கீறல்கூட தெரியாது."

"கழுத்து எந்தப் பக்கம் திரும்பினா ஆபத்து, டாக்டர்?"

எவ்வளவு அக்கறை என்று நினைத்த அந்த நல்ல மனிதர், விரலை வைத்து அதையும் காட்டிக்கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் சாதிக் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினான். வழுக்கினா மவுத்துதான்னு டாக்டர் சொல்லிட்டாரு என்று கண்ணைத் துடைத்தபடி சொல்லிவந்தான். கமர் நிஷா அக்கா முறை கொண்டாடும் பக்கத்து வீட்டு மெஹர் பானு ஓடிவந்து அவள் காலடியில் உட்கார்ந்தாள்.

"லாத்தா, போவாதீங்க." கமர் நிஷா அவள் கையைப் பிடித்தாள். " அவருதான் என்னை..."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஆம்பிளை வீட்டுக்குள் வந்தால் அடுத்த வீட்டுப் பெண் இருக்கமாட்டாள். மெஹர் பானு முக்காட்டை இழுத்துவிட்டு எழுந்தாள்.

"பயப்படாதம்மா. அவரு உன்னைப் பூ மாதிரி பார்த்துக்குவாரு."

கதவுக்குத் தாழ்ப்பாள் விழுந்தது.

நடுப்பகல். கொல்லைப்புறத்தில் கிணற்று ராட்டினம் கிறீச்சிட்டது. பத்து வருஷத்தில் அவன் ஒரு வாளி தண்ணீர் இறைத்ததில்லை. கல்தரையில் தண்ணீர் கொட்டும் சத்தம். பிறகு கல்லில் எதையோ தேய்க்கிற சத்தம், நிதானமாக, வெகுநேரம். சோப்பு வாசனை உள்ளறை வரைக்கும் வந்தது. அவள் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்தாள்.

சத்தம் நின்றது.

"குளிக்க வா, கமரு."

"வேணாம், மச்சான்."

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். டாக்டர் அவள் கழுத்தில் கட்டிய பஞ்சுத் துணியை அவிழ்த்தான். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. அவசரமே இல்லை.

பிறகு, நுரை காயாத இரண்டு உள்ளங்கைகளாலும் அவள் கன்னங்களை ஏந்திக்கொண்டான்.