தலையில்லா மாமாவுக்கு அடுத்த சந்து

"மேடம், நீங்க சொல்ற மாதிரி சந்து எதுவும் இங்க இல்லையே" என்றார் பார்சல்காரர் போனில்.

அவள் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். சந்து முனையில் அவர் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு கையில் போனும் மறு கையில் அட்டைப்பெட்டியுமாக நிற்பது நன்றாகவே தெரிந்தது. ஒரு பக்கம் தையல் கடை, மறுபக்கம் மருந்துக் கடை. நடுவில் நின்று அவர் நேராக அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, நேரா பாருங்க. கை காட்டறேன்."

"எங்க மேடம்?"

"உங்க எதிர்லதான். பச்சை கேட்டு."

அவர் கண்ணைச் சுருக்கினார், கழுத்தை நீட்டினார், ஒரு அடி பின்னால் போய் அண்ணாந்துகூடப் பார்த்தார். "எதிர்ல சுவருதான் மேடம் இருக்கு. அட்ரஸ் சரியா போட்டுட்டு மறுபடி ஆர்டர் பண்ணுங்க" என்று சொல்லிப் பெட்டியை வண்டியில் வைத்துக் கட்டினார். அதற்குள் இருந்தது மகளின் பள்ளிக்கூட ஷூ. வண்டி போய்விட்டது.

அவளுக்குப் பயம் வரவில்லை. சிரிப்புதான் வந்தது. இந்த அளவுக்கு வேலை செய்யும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

பஸ் நிறுத்தங்களில் மாட்டும் ஊர்ப் படங்களை வரைவதுதான் அவள் வேலை. போனில் வழி காட்டும் படமும் அவள் அலுவலகத்தில் இருந்துதான் போகிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பயணிகளிடம் வெள்ளைத்தாளைக் கொடுத்து, ஊரை நினைவில் இருந்து வரையச் சொல்வாள். ஒருவரும் உள்ளபடி வரைந்ததில்லை. வளைந்து போகும் ரோட்டை நேராக்குவார்கள், தங்கள் தெருவை ஆற்றைவிட அகலமாகப் போடுவார்கள், தங்களுக்கு வேலையில்லாத பேட்டைகளை அப்படியே விழுங்கிவிடுவார்கள். "ஊரு தரையில இருக்குன்னு நினைக்காதீங்க. ஆளுங்க மண்டைக்குள்ள இருக்கு. அங்க நாமதான் கொண்டுபோய் வைக்கிறோம்" என்று புதிதாக வருகிறவர்களிடம் பீற்றிக்கொள்வாள். பெரிய கெட்டிக்காரி என்று தன்னைப் பற்றி அவளுக்கு எண்ணம்.

அவள் வீட்டுச் சந்து இரண்டு பெரிய ரோடுகளுக்கு நடுவே குறுக்குவழியாக இருந்தது. காலையும் மாலையும் பைக்குகள் ஜோடி ஜோடியாகச் சீறிக்கொண்டு போகும். ஒருநாள் ஒரு பைக்கின் கைப்பிடி மகளின் கவுனில் மாட்டி, நாலு வீடு தள்ளி இழுத்துக்கொண்டு போனது. முழங்கால் சிராய்ப்போடு பிழைத்தாள். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் அந்தப் பிள்ளைக்கு வீட்டில் வாலு என்றுதான் பேர். அந்த வாலு ஒரு வாரம் வாயே திறக்கவில்லை. பைக் இழுத்த மறுநாளே அம்மாக்காரி அலுவலகம் போனதும் முதல் வேலையாக ஊர்ப் படத்தில் தன் சந்தின் கோட்டை அழித்தாள். ஒரு சொடுக்கு. யாரும் கேட்கவில்லை. புதுப் பலகைகள் ஊர் முழுக்கப் போனபின் பைக்குகள் குறைந்தன, பிறகு நின்றன. வாலு நடுச்சந்தில் உட்கார்ந்து சாக்கட்டியால் கோடு கிழித்து விளையாடினாள். அதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

பார்சல்காரருக்குப் பிறகு காய்கறி வண்டி வரவில்லை. குப்பை வண்டி வரவில்லை. வாசலில் குப்பைக்கூடை நிரம்பி, புளித்த வாடை கேட்டைத் தாண்டி உள்ளே வந்து, துணிமணிகளில்கூட ஏறிக்கொண்டது. எதிர்வீட்டில் புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒருநாள் காலையில் அவசரமாக வேலைக்குக் கிளம்பியது, இருவரும் திரும்பவில்லை. அவர்கள் அணைக்க மறந்த டிவி மட்டும் இரவும் பகலும் ஓடியது. பூட்டிய ஜன்னலின் திரைச்சீலையில் நீலமும் வெள்ளையுமாக வெளிச்சம் மாறி மாறி விழ, யாரோ விடாமல் சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

அந்த வாரக் கடைசியில் கணவன் போன் செய்தான்.

"சிரிக்காதே. நம்ம வீட்டுக்கு எங்க திரும்பணும்?"

"என்ன, குடிச்சிருக்கியா?"

"சத்தியமா இல்லடி. தையல் கடை பொம்மையைப் பாத்துட்டேன். அடுத்தது மருந்துக் கடை வந்துடுது. நடுவுல ஒண்ணும் இல்ல. பைத்தியக்காரன் மாதிரி போயிட்டுப் போயிட்டு வரேன்."

தையல் கடை வாசலில் சட்டை மாட்டிய பொம்மை ஒன்று நிற்கும். அதற்குத் தலை கிடையாது. வாலு அதற்குத் தலையில்லா மாமா என்று பேர் வைத்திருந்தாள். தலையில்லா மாமாகிட்ட திரும்பினா நம்ம வீடு. வழி கேட்கிற எல்லாரிடமும் அவள் அப்படித்தான் சொல்வாள். அன்று அப்பாவின் குரல் கேட்டதும் வாலு செருப்புக்கூடப் போடாமல் ஓடிப்போய் முனையில் நின்று "அப்பா!" என்று கத்தினாள். அதன் பிறகுதான் அவனுக்கு வழி தெரிந்தது. உள்ளே வந்தவன் முகம் வெளிறியிருந்தது. சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தான், சாப்பிடவில்லை.

மறுநாள் அவள் அலுவலகத்தில் அந்தக் கோட்டைத் திரும்ப வரைந்தாள். மதியம் பார்த்தால் இல்லை. பக்கத்து நாற்காலிக்காரனிடம் கேட்டாள். அவனை ஸ்கேல் என்று கூப்பிடுவார்கள், எதையும் அளக்காமல் நம்பமாட்டான்.

"நான்தான் அக்கா அழிச்சேன். அங்க தப்பா ஒரு கோடு கிடந்துச்சு."

"அது என் வீட்டுச் சந்துடா! நீகூட ரெண்டு தடவை வந்திருக்கே!"

"நானா?" அவன் அவளைக் கொஞ்சம் கவலையோடு பார்த்தான். "அக்கா, அங்க ரெண்டு கடையும் ஒட்டினாப்லதான் இருக்கு. நான் தினமும் அந்தப் பக்கமாத்தானே வரேன். தூங்கலையா நீங்க?"

அவள் அப்போதே பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பள்ளியில் இருந்து வாலுவையும் கூட்டிக்கொண்டு முனைக்கு வந்தபோது, ஒரு கணம், ஒரே ஒரு கணம், தலையில்லா மாமாவின் விறைத்த கை மருந்துக் கடையின் ஷட்டரைத் தொட்டுக்கொண்டிருந்தது. நடுவே இடமே இல்லை. வாலு சர்வசாதாரணமாக அவள் கையை இழுத்துக்கொண்டு நடந்தாள். சந்து வந்தது. ஆனால் பைக்குகள் ஜோடியாகப் போன சந்தில் இப்போது இரண்டு பக்கமும் அவள் தோள் சுவரில் உரசியது. ஈரச் சிமெண்ட் வாடை அடித்தது. சந்தின் மறுமுனையில் ரோடு தெரிந்த இடத்தை ஏற்கெனவே ஒரு சுவர் அடைத்திருந்தது.

அன்று இரவு கணவன் வரவில்லை. அவள் கூப்பிட்டதும் போனை எடுத்தான்.

"எங்க இருக்கே நீ?"

"வீட்லதான். யாரு பேசறது?"

பின்னால் அவன் அண்ணியின் குரல் கேட்டது. கல்யாணத்துக்கு முன் அவன் இருந்த வீடு அது. "யாருப்பா இந்நேரத்துல?" "தெரியல அண்ணி, ராங் நம்பர்" என்று அவன் சொன்னதும், அவன் குரலில் துளி நடிப்பும் இல்லாததும், போன் அணைந்த பிறகும் அவள் காதிலேயே நின்றன. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

விடிந்தபோது வாலுவின் உடம்பு கொதித்தது. வீட்டில் இருந்த மருந்துப் பாட்டில் காலி. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள், அது தையல் கடை வாசலில் நின்று கொஞ்ச நேரம் அலறிவிட்டு, அப்படி ஓர் இடமே இல்லை என்று திட்டிவிட்டுப் போனது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடலாமா என்று அவளும் யோசிக்காமல் இல்லை. ஆனால் மழை ஊற்றிக்கொண்டிருந்தது, பிள்ளை தூக்கினாலே வாந்தி எடுத்தது. அதைவிட, அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. வாலு உள்ளே இருந்ததால்தான் அவள் அப்பாவுக்கு வழி திறந்தது. வாலுவும் வெளியே போய்விட்டால் வீடே போச்சு. வாலு உள்ளே இருந்தால் வழி எப்படி மூடும்? புருஷன் மறப்பான், ஆம்பளை. பெற்றவள் மறப்பாளா?

பெரிய கெட்டிக்காரி அல்லவா.

மாலை வரை ஈரத்துணி போட்டுப் பார்த்தாள். இருட்டத் தொடங்கியபோது பிள்ளையின் பேச்சு குழற ஆரம்பித்தது.

"அம்மா, போகாதே."

"மருந்துக் கடைக்குத்தான்டி கண்ணு. இங்கேருந்தே தெரியுதே. ஜன்னல்ல உட்கார்ந்து என்னையே பாத்துக்கிட்டு இரு. கண்ணை எடுக்காதே."

"நீயும் என்னையே பாரு."

"பாக்கறேன்."

பழைய போனை மகளின் மடியில் வைத்தாள். குடை எடுக்கவில்லை. வீட்டை விட்டு இறங்கி, பின்பக்கமாகவே நடந்தாள். இரண்டு கைகளாலும் இரண்டு சுவர்களைத் தடவிக்கொண்டு, ஜன்னல் கம்பிக்குள் தெரிந்த அந்தச் சின்ன முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், காலால் துழாவித் துழாவிப் போனாள். மழை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கவில்லை. எதிர்வீட்டு டிவி சிரித்தது. முதுகில் மெயின் ரோட்டின் காற்று பட்டது.

மருந்துக் கடைக் கவுண்டரில் பக்கவாட்டாக நின்று, முகத்தை மட்டும் சந்துப் பக்கம் வைத்துக்கொண்டாள். "குழந்தைக்கு ஜுர மருந்து." தூரத்தில் முகம் தெரிந்தது. "எத்தனை வயசு குழந்தை?" சொன்னாள். முகம் தெரிந்தது. கையை நீட்டினாள். கை காற்றைத் துழாவியது.

"இங்க இருக்கும்மா" என்றார் கடைக்காரர்.

அவள் திரும்பி, பாட்டிலை வாங்கினாள்.

அவ்வளவுதான்.

மறுபடி பார்த்தாள். சுவர். பாசி படிந்த பழைய சுவர். தலையில்லா மாமாவின் கை ஷட்டரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அடித்தாள். நகத்தால் பிறாண்டினாள். நகம் பெயர்ந்தது. போன் ஒலித்தது.

"அம்மா, நீ என்னைப் பாக்கவே மாட்டேங்கறே."

"வாலு! எங்கடி இருக்கே?"

"வெளியே வந்துட்டேன். தலையில்லா மாமாவைக் காணோம். சுவருதான் இருக்கு. குளிருதும்மா."

"தட்டு. சுவரைத் தட்டு கண்ணு."

டொக். டொக்.

போனிலும் கேட்டது. சுவரிலும் கேட்டது. கீழே, அவள் இடுப்புக்கும் கீழே. அவள் சேற்றில் மண்டியிட்டு அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

"தட்டிக்கிட்டே இரு. அம்மா இங்கதான் இருக்கேன். நிறுத்தாதே."

தையல்காரர் அளவு டேப்பைக் கழுத்தில் போட்டபடி எட்டிப் பார்த்தார். "என்னம்மா? கீழ விழுந்துட்டீங்களா?"

"இங்க ஒரு சந்து... கடப்பாரை இருக்கா? உள்ள என்... என்..."

"சந்தா?"

உள்ளே ஒரு கேட் இருந்தது. பச்சையா? ஏதோ ஒரு நிறம். ஒரு ஜன்னல் இருந்தது. ஜன்னலில் ஏதோ இருந்தது. பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். யார்? சொல் தொண்டை வரை வந்து நின்றது. அவள் அதைப் பிடிக்கப் பார்த்தாள். பிடித்தாள். நழுவியது.

கையில் போன் இருந்தது.

"அம்மா? அம்மா?"

பாவம், ஏதோ குழந்தை.

"யாரும்மா வேணும் உனக்கு?"

மூச்சு வாங்கும் சத்தம். "அம்மா..."

"ராங் நம்பர் கண்ணு. போனை வீட்ல பெரியவங்ககிட்ட குடு" என்று அன்பாகச் சொல்லி அணைத்தாள்.

எழுந்து முழங்கால் சேற்றைத் தட்டிவிட்டாள். விரல் நுனியெல்லாம் ஏன் எரிகிறது என்று தெரியவில்லை. மழையில் வழுக்கியிருக்கும். கையில் ஒரு மருந்துப் பாட்டில், சின்ன அளவு மூடியோடு. கவுண்டரில் வைத்தாள்.

"இது என்னோடது இல்லைங்க. எங்க வீட்ல குழந்தையே இல்ல."

சுவருக்குள் டொக் டொக் என்றது. தையல்காரர் எரிச்சலோடு திரும்பிப் பார்த்தார். "கேட்டீங்களா? இப்பதான் ஆரம்பிச்சிருக்கு. பெருச்சாளி போல."

"எலி மருந்து வெச்சுப் பாருங்க. ரெண்டு நாள்ல அடங்கிடும்" என்றாள் அவள்.

பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். கல்யாணத்துக்கு முன் இருந்த தன் அக்கா வீட்டுக்குப் போக வேண்டும், தான் இருப்பது அங்கேதான், எப்போதும் அங்கேதான் என்று அவளுக்கு நினைப்பு. மருந்துக் கடைச் சுவர், அடுத்த கடைச் சுவர், அதற்கடுத்த நீண்ட மதில். அவள் நடக்க நடக்க உள்ளே அந்தத் தட்டலும் கூடவே வந்தது. அவள் நின்றால் நின்றது. நடந்தால் ஓடிவந்தது.

நிறுத்தத்தில் அவள் வரைந்த படம் மதிலில் மாட்டியிருந்தது. வெளிச்சத்தில் கோடுகள் எவ்வளவு நேராக, சுத்தமாக இருக்கின்றன என்று அவளுக்கே பெருமையாக இருந்தது. பலகைக்குக் கீழே, முழங்கால் உயரத்தில், மதிலில் இருந்து சுண்ணாம்பு உதிர்ந்துகொண்டிருந்தது, ஒவ்வொரு தட்டலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக, அவள் செருப்பின் மேல். அவள் காலை உதறிவிட்டு, வந்து நின்ற பஸ்ஸில் ஏறினாள்.