இடது பக்க ரிப்பன்

புதரில் இளஞ்சிவப்பு ரிப்பன் ஒன்று கட்டியிருந்தது. லாமர் ஜீப்பை நிறுத்திவிட்டு அதையே பார்த்தான். அவன் இன்னும் எந்த ரிப்பனையும் கட்டவில்லை. வாங்கிய ரிப்பன் சுருள், மேலே சுற்றிய காகிதம்கூடக் கிழியாமல், கதவுப் பையில் கிடந்தது.

அடுத்த சனிக்கிழமை நான்கு வண்டிகள் இந்தப் பள்ளத்தாக்குக்குள் வரப்போகின்றன. கூடாரம், தண்ணீர், விறகு, எங்கே போனாலும் நண்பன் ஆர்வில் விடாமல் தூக்கிவரும் இரும்புச் சட்டி, எல்லாவற்றோடும். முன்னே போகிறவன் அதற்கு முன்பே ஒருமுறை தனியாக வந்து பாதையைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். பயண நாளில் வழி பிரியும் இடத்தில் முதல் வண்டிக்காரன் ரிப்பன் கட்டுவான். கடைசி வண்டி அதை அவிழ்த்துக்கொண்டு வரும். ரிப்பன் தொங்கினால், பின்னால் இன்னும் ஆள் வரவேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

நேற்று சமையலறை மேஜையில் வரைபடத்தை விரித்தபோதே சண்டை தொடங்கிவிட்டது.

"கடைசி வண்டி என்னோடது," என்றாள் கென்னா. லாமரின் ஒரே மகள். சேர்த்துவைத்த காசில் போன மாதம்தான் பழைய டிரக் ஒன்றை வாங்கியிருந்தாள்.

"அந்த டப்பாவா? அதுக்குப் பின்னாடி இன்னொரு வண்டி வேணுமே, உதிர்றதப் பொறுக்க," என்றான் ஆர்வில்.

"நீங்க மொதல்ல அந்தச் சட்டிய இறக்குங்க மாமா. உங்க வண்டி தானா மேடு ஏறும்."

லாமர் மட்டும் சிரிக்கவில்லை. "பாதையப் பாத்துட்டு வந்து சொல்றேன்," என்றான். அது 'முடியாது' என்பதற்கு அவன் வைத்திருந்த இன்னொரு பெயர் என்று அவளுக்குத் தெரியும். கடைசி வண்டிக்குப் பின்னால் பார்க்க யாரும் கிடையாது, அதுதான் அவன் பயம். அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. காலையில் அவன் கிளம்பும்போதுகூட அவள் முகம் கொடுத்துப் பேசாமல், தானே சுவரில் இடித்து உடைத்த ஜீப்பின் இடது பின்விளக்கில் ஒட்டியிருந்த சிவப்பு டேப்பை விரலால் அழுத்திக்கொண்டு நின்றாள்.

இப்போது இந்த ரிப்பன். இரட்டை முடிச்சு, முனையைப் பல்லால் கடித்துக் கிழித்திருந்தது. கத்தி வைத்துக்கொள்ளாத சோம்பேறி லாமர் அப்படித்தான் கட்டுவான், அதற்காக ஆர்வில் அவனை, மரத்தைப் பல்லால் அறுக்கும் பீவர் என்று கூப்பிடுவதும் உண்டு. ஆனால் வழி பிரியும் இந்த இடத்தில் முகாமுக்குப் போவது வலது பக்கம். ரிப்பனோ இடது பக்கத்தில் தொங்கியது. இடதுபக்கம் இரண்டு பாறைச் சுவர்களும் நெருங்கி நெருங்கி ஒரேயடியாக மூடிக்கொள்ளும் இடுக்கு. திரும்ப இடமில்லை. போன வெள்ளம் செருகிவிட்டுப் போன மரங்கள் தலைக்கு மேல் வெகு உயரத்தில் சுவருக்குச் சுவர் கிடந்தன, அவற்றிலிருந்து அழுகிய சேற்று வாடை இறங்கிக்கொண்டிருந்தது.

அவன் குனிந்து பார்த்தான். புதரைச் சுற்றிலும் வெள்ளம் விட்டுப்போன மண் காய்ந்து அப்பளமாகச் சுருண்டிருந்தது. மிதித்தால் நொறுங்கும். ஒன்றுகூட நொறுங்கியிருக்கவில்லை.

ரிப்பனைத் தொட்டான். கடித்த முனை ஈரமாக இருந்தது.

துவைத்த சட்டை உதறுவதற்குள் காய்ந்துவிடும் காற்று அது. எவனோ விளையாடுகிறான் என்று உரக்கவே சொல்லிக்கொண்டு, முடிச்சை அவிழ்த்துப் பைக்குள் திணித்தான். தெரியாதவர்கள் வந்து மாட்டிக்கொள்ள வேண்டாமே என்று கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. வலது பக்கம் திரும்பி வளைவைத் தாண்டி முகாமிடத்துக்குப் போனான்.

அங்கே அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுப்புக்கு இடம் பார்த்தான், பாதியில் விட்டான். கூடாரத்துக்கு இடம் அளந்தான், எத்தனை அடி என்று மறந்தான். வெயில் சுவரில் ஏறி ஏறி உச்சியில் ஒரு கோடாக மெலிந்தது. தலைக்கு மேல் வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தாலும் வடக்கே, ஓடை பிறக்கும் மேட்டின்மேல், கருமை திரண்டிருந்தது. அங்கே பெய்தால் இங்கே வெள்ளம் வரும். கிளம்பிவிட வேண்டும் என்று நினைத்தபோதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. ஜீப் இன்ஜினின் சத்தம், அந்தப் பழகிய இருமலோடு. அவன் ஜீப்பின் சாவி அவன் கையில் இருந்தது.

ஜீப்பிலிருந்த வயர்லெஸ் கரகரத்தது.

"அப்பா... திட்டாதீங்க. உங்க பின்னாடியே வந்துட்டேன். கடைசி வண்டிய எப்படி ஓட்டணும்னு காட்டலாம்னுதான்."

கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் பெருமையும் வந்தது.

"இங்க வழி ரெண்டாப் பிரியுது. ரிப்பன் எதையும் காணோமே. எந்தப் பக்கம்ப்பா?"

அவன் பாய்ந்து ஒலிவாங்கியை எடுத்தான். பொத்தானை இன்னும் அழுத்தவில்லை.

"இடது பக்கம் வாம்மா," என்றது அவன் குரல்.

அதே கரகரப்பு. 'வாம்மா'வில் அதே இழுப்பு.

"கென்னா, நில்லு. அது நான் இல்ல. வண்டிய நிறுத்து."

"சரிப்பா, வரேன். உங்க லைட் தெரியுது." அவள் சிரித்தாள். "அந்த டேப் மறுபடி பிரிஞ்சிருக்கு பாருங்க."

"கென்னா."

ஒலிவாங்கியை எறிந்தான். வண்டியைக் கிளப்பினான். சக்கரம் மணலில் சுழன்றது. பிடித்தது. வளைவு. பாறை உரசியது. காதுக்குள் இன்னொரு ஓசை, வடக்கிலிருந்து, தூரத்து ரயில் மாதிரி.

இந்தப் பள்ளத்தாக்கில் ரயில் இல்லை.

வழி பிரியும் இடம்.

இடுக்கின் வாயில் கென்னாவின் டிரக். அதற்கு முன்னால், இருட்டுக்குள், ஒரு ஜீப். இடது பின்விளக்கில் சிவப்பு டேப், ஒரு முனை பிரிந்து ஆடியது. ஓட்டுகிறவன் கையை வெளியே நீட்டிப் புதரில் ரிப்பன் கட்டினான். தலை குனிந்தது. பல்லால் கடித்துக் கிழித்தான். ஜீப் உள்ளே நகர்ந்தது.

லாமர் ஹாரனை அழுத்தினான். அழுத்தியபடியே இருந்தான். விளக்கு வெளிச்சம் முழுவதும் அவள் டிரக்கின்மேல் விழுந்தது. அவள் நிறுத்தினாள். பழகிய கடைசி வண்டிக்காரிபோல, கண்ணாடியில் பின்பக்கத்தைக் கவனமாகப் பார்த்தாள். அவள் கண்கள் அவனுக்குத் தெரிந்தன. நேராக அவனைத்தான் பார்த்தன.

அவள் கை வெளியே வந்து ரிப்பனை அவிழ்த்தது.

"எடுத்துட்டேன்ப்பா," என்றது வயர்லெஸ். "பின்னாடி யாரும் இல்ல."

டிரக் உள்ளே போனது.