பெரட்டுக் களத்து ஒலிப்பதிவு

இரைச்சலை நீக்கிய பிறகுதான் அந்தக் குரல் கேட்டது.

குமுதா ஹெட்போனைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டினாள். மலை ஊரான ரிங்லெட்டுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில் ஆள் நடமாட்டம் அற்றுப்போன பெரட்டுக் களத்தில் காலையில் அவளும் உதவியாளன் விமலனும் மைக்கை நட்டு வைத்துப் பிடித்த ஒலி அது. ஒரு காலத்தில் கங்காணி பேர் கூப்பிட்டு வேலைக்கு ஆள் அனுப்பிய இடம். அங்கே இப்போது மிச்சமிருக்கும் காற்றையும் பனி சொட்டுவதையும் சுத்தம் செய்து, பல்கலைக்கழக வரலாற்று வகுப்பின் மின்னணுத் தொகுப்புக்குக் கொடுப்பது அவள் வேலை. களத்தில் அவர்கள் இருவரைத் தவிர யாரும் இருக்கவில்லை.

"சின்னக்கருப்பன்!" என்றது குரல்.

"இருக்கேங்க," என்றது இன்னொன்று.

"நீலாவதி!"

"இருக்கேங்க."

மதியம்தான். ஆனாலும் குமுதாவும் விமலனும் தங்கியிருந்த, தோட்டக் கணக்கரான கிராணியின் பழைய வீட்டு ஜன்னலுக்கு வெளியே மூடுபனி தேயிலைச் செடிகளை விழுங்கியிருந்தது. ஈரச் சுவரின் பூஞ்சை வாடையோடு, எங்கிருந்தோ பச்சைக் கொழுந்து வதங்கும் மணமும் மூக்கில் ஏறியது. பின்கட்டில் விமலன் ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தான். தன் காதில்தான் கோளாறோ என்று அவளுக்குச் சந்தேகம். அவனும் கேட்கட்டுமே என்று ஸ்பீக்கரைப் போட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு. ஸ்பீக்கரில் அதே குரல் கூப்பிட்டது.

"விமலன்!"

அவளைப் போலவே அவனும் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவன். பேர் சொன்னால் உடனே பதில் கொடுத்துப் பழகிய வாய்.

"இருக்கேன் லா! எதுக்குக்கா கத்துறீங்க?"

ஒயர் சத்தம் நின்றது.

"விமலா?"

பின்கட்டில் ஆள் இல்லை. அடுப்பில் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது. கதவு திறந்து கிடந்தது. வாசலில் அவன் செருப்பு. "பத்திரமா கூட்டிட்டு வந்துரும்மா" என்று அவன் அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. பனிக்குள் கத்திக் கூப்பிட்டாள்.

ஓடி வந்து ஒலிப்பதிவைப் பின்னால் இழுத்துப் போட்டாள்.

"விமலன்!"

"இருக்கேன் லா!"

காலையில் பிடித்த ஒலிக்குள் அவன் குரல். பிறகு வெறுங்கால்கள் நடக்கும் சத்தம். நிறைய. ஈர மண்ணில் வரிசையாக.

"குமுதா!"

வாயைப் பொத்திக்கொண்டாள். லேப்டாப்பை அறைந்து மூடினாள்.

அமைதி.

ஜன்னலுக்கு வெளியே யாரோ மூச்சு விட்டார்கள்.

"அக்கா..." விமலன்தான். குளிரில் நடுங்கும் குரல். "அக்கா, இருக்கீங்களா?"

பல்லைக் கடித்தாள். கண்ணீர் வழிந்தது.

கண்ணாடியில் அவன் உள்ளங்கை பதிந்தது. பக்கத்தில் கொழுந்துக் கறை படிந்த இன்னொரு கை. இன்னொன்று. ஜன்னல் முழுக்கக் கைகள்.

"அக்கா... இருக்கீங்களா?"