ஒன்பதாம் கேமரா

குளிர்கிடங்கின் ஒன்பதாம் கேமராவில், பனி படிந்த அடுக்குகளுக்கும் மூடிய கதவுக்கும் நடுவே, யாரும் இல்லாத தரையில் ஒரு பச்சைக் கட்டம் விழுந்திருந்தது. ஆள் உட்கார்ந்திருக்கும் உயரம்.

ஆளைக் கண்டால் கணினி கட்டம் போடும். கட்டம் விழுந்தவர்களுக்குத்தான் கதவுகள் திறக்கும். சந்தேகம் வந்தால் கண்காணிப்பு அறையில் இருப்பவளைக் கேட்கும்: ஆளா? ஆம், இல்லை. பனிப்புகையைப் பார்த்தே நாளுக்கு நூறு தடவை கேட்கும். 'ஆம்' என்றால் சரக்கு ஏற்றுவது நின்றுவிடும். அதனால் படத்தைப் பார்க்காமலே 'இல்லை' போடுவது அங்கே வழக்கம்.

போன மாதம் அவள் அப்படிப் பதினோரு தடவை போட்டாள். பிறகு அந்த இடத்தைப் பற்றிக் கணினி கேட்கவில்லை. கற்றுக்கொண்டுவிட்டது. மறுநாள், சரக்கு ஏற்றும் குல்லா அக்காவைக் கதவோரம் உட்கார்ந்தபடியே உறைந்த பிணமாக வெளியே எடுத்தார்கள். உள்ளே போனதும் மாரடைப்பு என்றது நிறுவனம். கம்பளிக் குல்லாயைக் கழற்றாத அக்கா, அந்தக் கதவை எவ்வளவு நேரம் தட்டினாள் என்பது அந்தப் பதினோரு படங்களில் மட்டும் இருந்தது.

இன்று அதே இடத்தைக் காட்டி மறுபடி கேட்டது: ஆளா? தொலைபேசி அடித்தது. சூப்பர்வைசர்.

"ஒன்பதுல கேள்வி ஏம்மா அப்படியே நிக்குது? இல்லைன்னு போடு."

"யாரோ இருக்காங்க சார்."

"புகைம்மா. அதுக்கு நாற்காலி போட்டுக் குடுப்பியா?"

"அன்னைக்கும் புகைன்னுதான் சொன்னீங்க."

"ஆம்னு போட்டா அந்த இடத்துப் பழைய படமெல்லாம் தானா தொழிலாளர் ஆய்வாளருக்குப் போயிடும். அழுத்தினது உன் விரல். மறந்துடாத."

"மறக்கல சார். அதுக்குத்தான் போடறேன்."

போட்டாள்.

கட்டம் எழுந்து நின்றது.

கிடங்கின் கதவு சீறித் திறக்கும் சத்தம் தொலைவில் கேட்டது; பிறகு நடைவழிக் கதவு, அதற்கடுத்தது. ஏழாம் கேமரா. ஐந்து. ஈரக் கம்பளியின் வாடை கதவிடுக்கில் கசிந்தது. இரண்டு. அவள் அறை வாசல்.

"என்ன பண்ணி வச்சிருக்க நீ? இரு, இங்கேருந்து நானே எல்லாக் கட்டத்தையும் அழிச்சுடறேன்."

அழித்தார். திரையில் ஒரு கட்டம் அழிந்தது. அவள் அறைக் கேமராவில் இருந்த அவளுடையது.

வாசலில் நின்றது அழியவில்லை.

ஆளில்லாத அறை என்று விளக்குகள் தாமாக அணைந்தன. எழுந்து கதவருகே போனாள். திறக்கவில்லை. கையை ஆட்டினாள். திறக்கவில்லை.

"சார். கதவு என்னைப் பார்க்கல."

"இப்ப இல்லைன்னு மாத்து. திறக்கும்."

குளிரில் பல் கிட்டியது. அவள் மாற்றவில்லை.

"படம் போயிடுச்சு சார். இனி நீங்களும் தடுக்க முடியாது."

இணைப்பு அறுந்தது.

இருட்டு. குளிர். யாரோ மூச்சுவிடாமல் நிற்கும் அமைதி.

வாசலில் நின்ற கட்டத்துக்காகக் கதவு திறந்தது. மூன்று நொடியில் மூடப் பார்த்தது. முடியவில்லை. கதவின் கண்ணாடி விளிம்பில், அவள் தோள் உயரத்தில், வெளியிலிருந்து பற்றிய நான்கு விரல்கள் வெள்ளையாக உறைந்திருந்தன. ஆள் நுழையும் அளவு இடைவெளியோடு நின்று, மோட்டார் முனகியது.

விரல்கள் விடவில்லை.