கட்டை வைத்த கை

போன் அலறியது!

ஷிஹாரா கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே போனைக் காதில் வைத்தாள். கொழும்பிலிருந்து டிலுக்ஷி. இருவரும் கூட்டாக ஒரு துப்பறியும் கேம் செய்துகொண்டிருந்தார்கள்.

"அடியே! விளையாடிப் பாத்த ஒருத்தராலயும் கொலைகாரனைப் பிடிக்க ஏலாம இருக்கு. எனக்குத்தான் ஏச்சு. தடயத்தையெல்லாம் நீ ஒளிச்சு வச்சிருக்கிறியாம்!"

"ஒளிக்கல்ல. கண்ணுக்கு முன்னால இரிக்கி. கரையில நிக்கிற போட்."

"போட்டுல என்ன?"

"இஞ்சின் மேல தூக்கி இரிக்கி."

"அதுக்கு?"

"ஓடுற போட்ல இருந்து தவறி விழுறவன், இஞ்சினைத் தூக்கி வச்சிட்டா விழுவான்?"



"ஐயோ... இதைக் கொழும்புப் பிள்ளைகள் எப்பிடிடி கண்டுபிடிக்கிற? அவங்க மீனையே டின்னுலதான் கண்டவங்க! ஒரு குறிப்பாவது வை. இல்லாட்டி, கொலைகாரன் யாரெண்டு எனக்காவது சொல்லு."

"பொறகு."

ஷிஹாரா போனை வைத்தாள்.

கேமில் செத்தவனுக்கு வேறு பெயர். ஆனால் அந்தப் போட்டும், அவளுடைய ஊரான அந்தக் கண்டக்குழிக் கரையும் ஸப்ராஸுடையவை.

அவளுடைய நானா. கூடப்பிறந்த அண்ணன்.

இரண்டு வருடத்துக்கு முன் மீனுக்குப் போனான். உயிர் போன ஜனாஸாவாகத்தான் வீட்டுக்கு வந்தான்.

தனியாகப் போனவன் தவறி விழுந்தான், போட் தானாகக் கரை ஒதுங்கியது என்று பொலிஸ் எழுதி மூடியது. கரையில் நிற்கிற எல்லாப் போட்டிலும் இஞ்சின் தூக்கித்தான் இருக்கும். தண்ணீருக்குள் சுற்றுகிற விசிறி மண்ணில் இடிபடக் கூடாதே! அதனால் ஊரில் ஒரு கண்ணும் அதில் நிற்கவில்லை. அன்றைக்குக் கரையில் எடுத்த போட்டோவைப் பார்த்து அந்தப் போட்டைக் கேமுக்கு வரையும்போதுதான் ஷிஹாராவுக்கே உறைத்தது.

யாரோ கரைக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள்...

யார்?

ஊரில் கடலுக்குப் போகிறவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விளையாட வைத்தாள். போட்டைக் கரையேற்றினார்கள். இஞ்சினைத் தூக்கினார்கள்.

டமார்!

இஞ்சின் திரும்ப விழுந்தது. தூக்கிப் பிடிக்கிற லொக் கேமில் உடைந்திருக்கிறது என்று அவள் யாருக்கும் சொல்லவில்லை. "என்ன புள்ள, ஓட்ட இஞ்சினை வச்சிரிக்கிறாய்!" என்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

மிச்சம் ஒரே ஒரு ஆள்.

"மகள்... இரிக்கிறியா?"

ஜபார் மாமா. உம்மாவின் தம்பி. ஸப்ராஸ் போன நாளிலிருந்து இந்த வீட்டு அடுப்பு எரிவது அவர் கொண்டு வருகிற மீனால்.

"ஒருக்கா விளையாடுங்க மாமா. எல்லாரும் விளையாடிட்டாங்க."

"எனக்கென்னத்துக்கு இந்த சின்னப் பிள்ளை வேலை?"

"எனக்காக."

முனகிக்கொண்டே உட்கார்ந்தார். வலை இழுத்து வெடித்த விரல்களுக்குள் மவுஸ் காணாமல் போனது. திரையில் போட் கரையேறியது.



மவுஸ் இஞ்சினுக்குப் போகவில்லை!

போட்டின் அடியில் கிடந்த மரக்கட்டைக்குப் போனது. முதலில் கட்டையை எடுத்தார். பிறகுதான் இஞ்சினைத் தூக்கினார். இடுக்கில் கட்டையைச் செருகினார்.

இஞ்சின் விழவில்லை.

"பாத்தியா, நிக்கிது!" என்று சிரித்தார்.

ஷிஹாரா திரையை விட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அவராக இருக்கக் கூடாது என்றுதான் அவரைக் கடைசியில் கூப்பிட்டிருந்தாள்.

"மாமா... கட்டையை என்னத்துக்கு எடுத்தீங்க?"

"லொக் உடஞ்சி இரிக்கில்லா..."

"கேமுல அப்பிடிச் சொல்லல்லயே!"

"இது... ஸப்ராஸ்ட போட் மாதிரி இரிந்திச்சி. அதான்..."

"நானாட லொக் கடைசி நாள் கடலுக்குள்ள வச்சுத்தான் உடஞ்ச. எனக்கு மட்டும் வொய்ஸ் அனுப்பினாரு. அண்டைக்கு நீங்க சிலாபத்துல நிண்டேன் எண்டீங்க. பொலிஸ் போட்டைக் கொண்டு போன பொறகுதானே வந்தீங்க?"

ஜபாரின் கை மவுஸிலேயே இருந்தது. எடுக்கத் தெரியவில்லை.

"நான் டைனமைட் போட்டு மீன் அடிக்கிறதை நேவிக்குச் சொல்லுவேன் எண்டான் மகள்... வாய்ச்சண்டை... தள்ளிட்டேன். நீந்தி ஏறுவான் எண்டுதான்... வல்லாஹி, கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேடினேன்!"

"போட்டை ஏன் கரைக்குக் கொண்டு வந்தீங்க? கடல்ல விட்டிருந்தா ஒருத்தருக்கும் தெரியாதே!"

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே அழுதார்.

"புள்ள ஆசைப்பட்டு வாங்கின இஞ்சின்... அத மண்ணுல இடிபட எப்பிடி விடுற?"

வாசலில் உம்மா நின்றாள். கமறியா. கையில் தம்பிக்குக் கொண்டு வந்த பிளேன்டீ.

கோப்பை விழவில்லை. மெதுவாக மேசையில் வைத்தாள்.

"குடி தம்பி. ஆறப் போவுது..."

பிறகு மகளைப் பார்த்தாள்.

"பொலிஸுக்கு எடு."

மாமாவை ஏற்றிக்கொண்டு பொலிஸ் ஜீப் போன பிறகும் உம்மா கதிரையை விட்டு எழவில்லை.

போன் மறுபடி அலறியது.

"அடியே ஷிஹாரா! கேமை உள்ளுக்குத் திறந்து பாத்தன். கொலைகாரன்ட பேர் வாற இடம் வெறுமையா இருக்கு! விடையே இல்லாத கேமை ஆர்டி முடிப்பான்?"

"எனக்கே விடை தெரியாது. தேடத்தான் செஞ்சேன்."

"என்னது! அப்ப ஒருத்தரும் முடிக்கேல்லயா?"

"ஒராள் முடிச்சாரு. இப்பதான்."

"குறிப்பு ஒண்டும் இல்லாமலா? அவருக்குக் கஷ்டமா இருக்கேல்லயா?"

மேசையில் டீ அப்படியே இருந்தது. ஷிஹாரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்லடி... செஞ்ச ஆளுக்குச் சரியான லேசு!"