இடது கண்ணில் மூன்று சொட்டு

"வீ...ல்ல்ல்!"

காலை ஒன்பது மணி. ஷாம்பு கம்பெனியின் முயல் அறையைப் பெருக்க வந்தவள் போட்ட அலறலில் நாற்பது முயல்களும் கூண்டுக்குள் எகிறின.

தரையில் முதலாளி!

மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் ரத்தம் தோய்ந்த இரும்புக் கம்பி. இடது கண் இருந்த இடத்தில் வெந்த சதை. வலது கண் மட்டும் திறந்தபடி கூரையைப் பார்த்தது.

அரை மணியில் லேடி இன்ஸ்பெக்டர் ஆஜர்.

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா சார்?"

கேள்வி லேப் தலைவருக்கு. செத்தவரின் மச்சினர். முப்பது வருஷமாக இந்த லேபே கதி என்று கிடப்பவர்.

"சொல்லவே நாக்கு கூசுது மேடம்... இதோ நிக்கறாளே, என் அக்கா பொண்ணு! மிருகங்க மேல சோதனை பண்ணக்கூடாதுன்னு சட்டம் வந்தும் அத்தான் நிறுத்தல. நேத்து எல்லார் முன்னாலயும் கத்தினா... 'முயல் கண்ணுல விடற அந்த ஹேர் டையை உங்க கண்ணுல ஊத்தினாத்தான் புத்தி வரும்'னு!"

"மாமா!" மகள் வெடித்தாள். "கோபத்துல கத்தினேன், இல்லேங்கல. ஆனா சாயந்தரமே அப்பா மனசு மாறிட்டார் மேடம். 'நானே போலீஸ்ல போய் ஒப்புக்கறேம்மா'ன்னார்!"

"அவர் அப்படிச் சொன்னதை வேற யாராவது கேட்டாங்களா?"

"நானும் அப்பாவும் மட்டும்தான்..." அவள் குரல் உடைந்தது.

க்ளிக்! அவள் கையில் விலங்கு ஏறியது.

இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிள் காதில் ஏதோ முணுமுணுத்தாள். அவர் பிணத்தருகே குனிந்தார். அடுத்த நொடி...

"ஐயோ... ரெண்டு கண்ணும் எரியுதே!"

"சார், சீக்கிரம் ஏதாவது மருந்து விடுங்க!"

லேப் தலைவர் சொட்டு மருந்தோடு பாய்ந்தார். கான்ஸ்டபிளின் தலையைக் கக்கத்தில் இடுக்கினார். இடது இமையை இழுத்து மூன்று சொட்டு. இமையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"வலது கண்ணு?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"அதுல விடக்கூடாது. ஒப்பிட்டுப் பாக்க ஒரு கண்ணை..."

சட்டென்று நிறுத்தினார். முகம் பேயறைந்தது போல் ஆனது.

"ஆத்திரத்துல வர்றவ முகம் பூரா ஊத்துவா சார். முயலுக்கு ஒரு கண்ணுல விட்டு மறு கண்ணை மிச்சம் வைக்கறது உங்க முப்பது வருஷப் பழக்கம்! உங்க அத்தான் ஒப்புக்கிட்டா, 'இங்க சோதனையே நடக்கல'ன்னு பொய்க் கையெழுத்துப் போட்ட நீங்கதானே உள்ள போகணும்?"

மேஜைக் கத்தி மின்னியது! மறுகணம் அது மருமகளின் கழுத்தில். ரத்தம் கோடாக இறங்கியது.

"கிட்ட வந்தா அறுத்துடுவேன்! கால்ல விழுந்தேன் மேடம்... அத்தான் கேக்கவே இல்ல!"

டுமீல்!

கத்தி பறந்தது. கூடவே இரண்டு விரல்கள். அவர் ஊளையிட்டபடி கூண்டுகள் மேல் சாய்ந்தார். கதவுகள் தெறித்துத் திறந்தன. முயல்கள் அவர் நெஞ்சில் ஏறி ஓடின.

விலங்கு கழன்ற கையால் மகள் அப்பாவின் வலது கண்ணை மூடினாள். தேம்பித் தேம்பி அழுதாள்.

கான்ஸ்டபிள் கண்ணைத் துடைத்துக்கொண்டே முறைத்தார். "என்னை வெச்சே டெஸ்ட் பண்ணிட்டீங்களே மேடம்... நியாயமா?"

"சட்டத்தை நல்லாப் படிச்சுட்டேன்யா... முயல், எலி, நாய் எல்லாம் இருக்கு. கான்ஸ்டபிள் மட்டும் லிஸ்ட்லயே இல்ல!"