இசையா மது

திலோத்தமை காலையிலிருந்து மூன்று நாற்காலிகளை மாற்றிவிட்டாள். மூன்றும் அவள் உட்கார்ந்த மறுகணமே முதுகைப் பார்த்து, இடுப்பைப் பார்த்து, வாகாக வளைந்து கொடுத்தன. எரிச்சலில் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டாள். அந்த அறையில் அவளைப் பற்றி அக்கறைப்படாத பொருள் தரை ஒன்றுதான்.

"கொஞ்சம் உக்காருங்க மேடம். உங்களப் பாத்து எனக்குக் கால் வலிக்குது," என்றார் பொன்னுரங்கம்.

"நீங்க உக்காந்துக்குங்க சார். எனக்கு இருப்புக் கொள்ளல."

இருவரும் மெய்ச்சுவை வாரியத்தின் சுவைஞர்கள். இருப்புக் கொள்ளாததற்கான காரணம் மேசைமேல் இருந்தது. கரும்பச்சைக் கண்ணாடிப் புட்டி, தோள்வரை மண் படிந்தது. கம்பம் பள்ளத்தாக்குக்கு மேலே இருக்கும் இந்தச் சரிவில், வீட்டுக்காரி அமலோற்பவத்தின் அப்பா பிரெஞ்சுத் திராட்சைக் கொடிகளை வரவழைத்து நட்டு, கபர்னே, மெர்லோ என்ற இரு வகைப் பழங்களையும் கலந்து போர்தோ பாணியில் வடித்த சிவப்பு மது. நிலச்சரிவில் நிலவறையோடு புதைந்துபோயிருந்தது. சென்ற மாதம் தோண்டியபோது உடையாமல் கிடைத்தது இந்த ஒன்று மட்டும். இசைவிகள் நாட்டுக்குள் வருவதற்கு முன்பே தக்கை அடைத்த புட்டி என்று அமலோற்பவம் சத்தியம் செய்தாள். சத்தியத்தை வாரியம் ஏற்பதில்லை.

இசைவி என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்ணுயிர். பானத்துக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். எச்சில் பட்டதும் விழித்து, இந்த வாய்க்கு இந்த நேரத்தில் என்ன வேண்டும் என்பதை எச்சிலிலிருந்தே தெரிந்துகொண்டு, கண் சிமிட்டுவதற்குள் சுவையை அப்படியே மாற்றிக் கொடுத்துவிடும். முதலில் மதுவில் போட்டார்கள். அப்புறம் காபியில், அப்புறம் சாம்பாரில். கல்யாணப் பந்தியில் முகம் சுளிப்பவர்கள் இல்லாமல் போனார்கள். மாமியார் மருமகள் சண்டையில் பாதி அடங்கியது. மனித குலத்துக்கு இதைவிட என்ன வேண்டும் என்று ஊரே கைதட்டியது. திலோத்தமையும் கைதட்டியவள்தான்.

கைதட்டி முடித்த பிறகுதான் அவளுக்கு வினை பிடித்தது. எதை வாயில் வைத்தாலும் பிடிக்கிறது. காலையில் பிடிக்கிறது, மாலையில் பிடிக்கிறது, பட்டினியிலும் பிடிக்கிறது, காய்ச்சலிலும் பிடிக்கிறது. அப்படியானால் பிடிப்பது யாருக்கு? தனக்கென்று ஒரு நாக்கு இருக்கிறதா, இல்லை அது வெறும் பள்ளமா, எதை ஊற்றினாலும் நிரம்பிக்கொள்வதா? இந்தக் கேள்வி அவளை ராத்திரியெல்லாம் புரட்டி எடுத்தது. நீ யார் என்று கேட்காமல், தான் எதுவோ அதுவாகவே நாக்கில் இறங்குகிற ஏதாவது ஒன்று வேண்டும். சாவதற்குள் ஒரு வாயாவது. அதற்காகத்தான் வாரியத்தில் சேர்ந்தாள்.

அமலோற்பவம் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினாள்.

"அம்மா, ஐயா, காபி ஏதாச்சும் கொண்டாரவா?"

"சோதனை முடியட்டும்மா. நேத்து ராத்திரிலேர்ந்து பட்டினியாத்தான் இருக்கோம். அதான் முறை," என்றார் பொன்னுரங்கம்.

"இசையா மதுன்னு வந்துருச்சுன்னா இந்தச் சரிவ விட்டுருவாங்கல்ல? சுத்தி எல்லாக் கொடிக்கும் இசைவி ஊசி போட்டாச்சு. இது ஒண்ணுதான் மிச்சம். ஊசி போடுறவங்ய வார வாரம் வந்து வேலியில நின்னு பாத்துட்டுப் போறாங்ய."

"வாய் என்ன சொல்லுதோ அத எழுதுவோம்மா," என்றாள் திலோத்தமை. அவள் குரலில் இருந்த ஆசையைப் பார்த்தால் அமலோற்பவத்தைவிட அவளுக்குத்தான் அந்தச் சான்று அதிகம் தேவைப்பட்டது போலிருந்தது.

தூங்கும் இசைவியை எந்தக் கருவியும் காட்டிக் கொடுக்காது. விழிக்க வைக்க மனித வாய் வேண்டும். ஆகவே வாரியம் எதிரெதிரான நாக்குள்ள இருவரை அனுப்பும். திலோத்தமைக்கு இனிப்பு ஆகாது. பொன்னுரங்கம் பாயசத்துக்கே சர்க்கரை போதவில்லை என்கிற ஆள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சுவைத்து எழுத வேண்டும். எழுதியது ஒத்துப்போனால் மது மெய். ஒத்துப்போகாவிட்டால் உள்ளே இசைவி இருக்கிறது, ஆளுக்குத் தகுந்தபடி ஆடுகிறது. இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட ஒத்துப்போனதில்லை. மலை மலையாக ஏறி, தோட்டம் தோட்டமாக 'பொய்' என்று முத்திரை குத்திவிட்டு இறங்கியிருக்கிறார்கள்.

இருவரும் வெள்ளைத் துணியால் நாக்கை அழுந்தத் துடைத்து, துணியை மேசையில் போட்டார்கள். பொன்னுரங்கம் ஊசிவடிப்பியைத் தக்கையில் இறக்கினார். காற்றுப் படாமல் மது குழாய் வழியே இரண்டு மூடிக் கோப்பைகளுக்குள் இறங்கியது. இசைவி கலந்த பானம் எச்சில் படும்வரை மணப்பதில்லை என்பதால், கோப்பைகளுக்கு மூடியும் உறிஞ்சும் மூக்கும் வைத்துவிட்டார்கள். இப்போது திறந்த கோப்பையைப் பார்த்தால் பிள்ளைகள் சிரிக்கும்.

திலோத்தமை கோப்பையை வெளிச்சத்தில் சாய்த்தாள். நடுவே கருஞ்சிவப்பு, விளிம்பில் செங்கல் நிறம், அதற்கும் வெளியே நல்ல பழுப்பு. முதிர்ந்த மதுவுக்கு அழகே அந்தப் பழுப்புதான். ஒரு வாய் உறிஞ்சினாள்.

அடித்தது. மாதுளைத் தோலைக் கடித்ததுபோல் ஈறெல்லாம் இறுகியது. பழத்தின் இனிமை எப்போதோ காய்ந்து, அந்த இடத்தில் பென்சில் சீவலும் பழைய தோல் பையும் அணைந்த சுருட்டும். வாயில் வைத்துச் சுழற்றினாள், காத்திருந்தாள், மனசுக்குள் கெஞ்சக்கூடச் செய்தாள். மது இறங்கி வரவில்லை. வந்தவரை உள்ளே கூப்பிடாமல் வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பும் ஆளைப் போல விறைப்பாகவே நின்றது. துப்புக் கிண்ணத்தில் துப்பினாள். தாளை இழுத்து எழுதினாள்.

பொன்னுரங்கத்தின் தாளை வாங்கிப் பார்த்தாள். கடும் துவர்ப்பு. காய்ந்த பழம். தோல், சுருட்டு. இனிப்பு மருந்துக்கும் இல்லை. சுவைப்பவரைச் சட்டை செய்யவே இல்லை.

"சார்! உங்களுக்குமா?"

"எனக்குமே மேடம். சர்க்கரை கேட்டேன், தரமாட்டேன்னுடுச்சு!" பாவம், அந்த மனிதரின் கண் கலங்கியிருந்தது. "உங்ககிட்ட சொன்னதில்ல. எனக்கும் இந்த ஏக்கம்தான். எதுவாவது ஒண்ணு என்னை முடியாதுன்னு சொல்லணும்னு."

அமலோற்பவத்தைக் கூப்பிட்டார்கள். சந்தோஷத்தில் அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவளிடம் ஒரு கோப்பை கொடுத்தார்கள். தன் வீட்டு மதுவை அவள் அதுவரை சுவைத்ததில்லை.

"ஐயையோ, என்னா இனிப்பு!" என்றாள் அவள். "நாவப்பழத்தத் தேன்ல ஊறப் போட்ட மாதிரில்ல இருக்கு. தொண்டையில வழுக்கிட்டு எறங்குதும்மா."

"துவர்ப்பு?" என்றாள் திலோத்தமை.

"துவர்ப்பா? மருந்துக்கும் இல்லையே."

திலோத்தமைக்குப் புரிந்தது. புரிந்த வேகத்தில் அவமானம் காதுவரை சுட்டது.

"ஏமாத்திடுச்சு சார். வளையாத ஒண்ணு வேணும்னு நாம ரெண்டு பேரும் ஏங்கினோம். வளையாத மாதிரி வேஷம் போட்டு வளைஞ்சு குடுத்திருக்கு."

பொன்னுரங்கம் முடிவை உறுதி செய்வதற்கென்று வைத்திருந்த ஊதா விளக்கை எடுத்து ஏற்றினார். விழித்துக்கொண்ட இசைவி அந்த ஒளியில் பச்சையாக மின்னும். துப்புக் கிண்ணத்தின் மூடியைத் தள்ளி ஒளியைப் பாய்ச்சினார். கிண்ணம் முழுக்கப் பச்சை.

"அப்ப கொடி போச்சாய்யா?" என்றாள் அமலோற்பவம். அவர் முத்திரைப் பெட்டியைத் திறந்தார். அவருக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை.

திலோத்தமை மேசைக்கும் ஜன்னலுக்குமாக நடந்தாள். ஏதோ அரித்தது. மண்ணுக்குள் புதைந்த புட்டி. உடையாத தக்கை. இசைவி எந்த வழியாக உள்ளே போனது? திரும்பும்போது முழங்கை இடித்து விளக்கு புரண்டது. ஊதா ஒளி மேசைமேல் கிடந்த நாக்குத் துணிகளில் விழுந்தது.

இரண்டு துணியும் பச்சையாக மின்னின.

"சார், நாக்கத் தொடச்சது எப்போ? மதுவ வடிக்கிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடிதான். முறையே அதானே." சொல்லிவிட்டு அவரும் துணியைப் பார்த்தார். முத்திரை கையிலேயே நின்றது.

ராத்திரி முதல் பட்டினி கிடந்த நாக்கு. மது தொடாத துணி. அதில் இசைவி. அவர்கள் வெகுகாலமாக இசைவியை விழுங்கி விழுங்கி, அது வாயிலேயே குடி வந்துவிட்டது. எச்சில்தானே, அருவருப்பான சமாசாரம், அதைத் தனியாக எடுத்துச் சோதிக்க இத்தனை காலத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எந்த மதுவை ஊற்றினாலும் அது நாக்கைத் தொடுவதற்கு முன்பே மாறிவிடும். மாற்றுவது புட்டி இல்லை, வாய்.

"அப்படின்னா இதுக்கு முன்னாடி நாம பொய்னு தள்ளினது?" என்றார் பொன்னுரங்கம் மெதுவாக. "அந்தத் தோட்டமெல்லாம்?"

கெஞ்சக் கெஞ்சக் காதில் வாங்காமல் முத்திரை குத்திவிட்டு வந்த தோட்டக்காரர்களின் முகங்கள் திலோத்தமைக்கு நினைவுக்கு வந்தன. அழுதால் அமலோற்பவத்தின் முன்னால் அசிங்கம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இந்தப் புட்டியில இருக்கறது நிஜமாவே மெய்யா இருக்கலாம் சார். ஆனா நம்மால அதக் குடிக்க முடியாது. குடிச்சா அது நாமதான்."

"எச்சி படாம எப்படிம்மா ருசி பாக்குறது?" என்றாள் அமலோற்பவம்.

அவள் வெறுமனே கேட்டதுதான். திலோத்தமை சடாரென்று திரும்பிப் புட்டியைக் கழுத்தோடு பிடித்து, ஊசிவடிப்பியைப் பிடுங்கி எறிந்து, தக்கையை நகத்தாலும் கத்தியாலும் குடைந்து எடுத்தாள். பாதி உதிர்ந்து மேசையில் விழுந்தது. குனிந்து மூக்கை வைத்தாள்.

காடி நெடி முகத்தில் அறைந்தது. அதற்கு அடியில் நனைந்த சாக்கு, அழுகின வெங்காயம், வாரக்கணக்கில் அலசாத ஊறுகாய் ஜாடி. அமலோற்பவம் "உவ்வே" என்று மூக்கைப் பொத்தினாள். எந்த வருடமோ தக்கை வழியாகக் காற்று இறங்கி மது செத்துப்போயிருந்தது. அவள் மெச்சிய பழுப்பு நிறம் முதிர்ச்சி இல்லை, அழுகல்.

"இருக்காது மேடம்," என்று பொன்னுரங்கம் மூடிக் கோப்பையை எடுத்து ஒரு வாய் உறிஞ்சினார். முகம் மலர்ந்தது. "அருமையா இருக்கே! நல்ல கட்டு, நல்ல துவர்ப்பு..." புட்டியை மூக்கருகே கொண்டுபோனார். முகம் கோணியது. மறுபடி உறிஞ்சினார், மறுபடி முகர்ந்தார். கோப்பையை மெல்லக் கீழே வைத்தார்.

"அப்ப இத்தன வருஷமா நாம என்னத்த மேடம் சாப்பிட்டோம்?"

அடுக்களையில் ஏதோ கொதிக்கும் சத்தம் கேட்டது. அமலோற்பவம் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

திலோத்தமை மறுபடியும் குனிந்து ஆழமாக இழுத்தாள். குமட்டியது. கண்ணில் நீர் கொட்டியது. நெடி இம்மிகூடக் குறையவில்லை. அவள் வாரியத்தின் ஆள் என்றோ, எத்தனை காலமாக ஏங்கிக் கிடக்கிறாள் என்றோ அது பார்க்கவில்லை.

"எனக்குப் பிடிக்கல," என்றாள். சொன்ன பிறகு தன் குரலைத் தானே கேட்டவள்போல நிமிர்ந்தாள். "சார், எனக்குப் பிடிக்கல! சத்தியமா எனக்குப் பிடிக்கவே இல்ல!"

அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அமலோற்பவத்துக்குத் தெரியவில்லை. பயந்துபோய்க் கேட்டாள்.

"அம்மா, சான்று?"

"மெய்னு குத்துங்க சார்."

"கெட்டுப்போனதுக்காம்மா?" என்றாள் அமலோற்பவம்.

"கெட்டுத்தான் போயிருக்கு. ஆனா இசைவி இருந்தா எச்சில் படாம வாசமே வராது. இது தானாக் கெட்டிருக்கு, யாரையும் கேக்காம. அந்தச் சரிவுல யாரும் கை வைக்கக் கூடாது."

பொன்னுரங்கம் முத்திரையைக் குத்தினார். மை காய்வதற்குக்கூட அவருக்குப் பொறுமை இல்லை. சான்றை அமலோற்பவத்தின் கையில் திணித்துவிட்டு மேசையைச் சுற்றி வந்தார். திலோத்தமை புட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஓங்கரித்துக்கொண்டே, திரும்பத் திரும்ப மூக்கை வைத்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் தள்ளுங்க மேடம்," என்றார். "எனக்கும் பிடிக்காமப் போகட்டும்."